மேற்கு வயலில் ஐந்து கூடுகள்

சைக்கமோர் ஓடை
ஏப்ரல் 22, 2014

அன்புள்ள தம்பி லோவலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் ஹாலிஸும் சுகம், அவர் முட்டியைத் தவிர. நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று வராதவன் சுகமாக இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஆரம்பித்தவுடன் "சரிக்கா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. மேசையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முப்பத்தோரு வசந்தம் நாம் இரண்டு பேரும்தான் காட்டு வான்கோழி வேட்டை சீசன் முதல் நாள் அந்தக் குன்றில் உட்கார்ந்திருக்கிறோம். நான் முன்னால் துப்பாக்கியோடு, நீ முப்பது கெஜம் பின்னால் சேவலை இழுக்கப் பெட்டை மாதிரிக் கூப்பிட்டுக்கொண்டு. ஆய்வு நடக்கும் நிலத்தில் ஆய்வு செய்கிறவன் வேட்டையாடக் கூடாது என்று உங்கள் பல்கலைக்கழகத்தில் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றாய். போடட்டும். நானே கூப்பிட்டு நானே சுட வேண்டியதாயிற்று. எனக்குக் கூப்பிடவும் வராது. பெட்டைக் குரல் எழுப்பும் மரப்பெட்டியைத் தேய்த்தால் மாட்டுக் கொட்டகைக் கதவு மாதிரிக் கத்துகிறது. ஹாலிஸ் வீட்டுக்குள்ளிருந்து கேட்டுவிட்டு, "யாரையாவது அறுக்கிறியா?" என்றார்.

விடியும்போது, இரவு அடைந்த மரங்களிலிருந்து ஒரு காலத்தில் பதினொரு சேவல் முழங்கியது உனக்கு நினைவிருக்கும், எண்ணியவனே நீதான். நேற்று ஒன்று. ஒன்றே ஒன்று, அதுவும் ராய்ஸ் டனகன் வேலிக்கு அந்தப் பக்கம். அரை மணி நேரத்தில் ஒரு வெடிச் சத்தம். அவ்வளவுதான் என் சீசன்.

ராய்ஸ் எப்படிச் சுட்டான் தெரியுமா? செத்த சேவலின் வாலை விசிறி மாதிரி விரித்து ஒரு குச்சியில் கட்டிக்கொள்கிறான். அதை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வெட்ட வெளியில் வயிற்றால் ஊர்ந்து போகிறான். வேறொரு சேவல் தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து இது சண்டைக்கு ஓடி வருகிறது. பத்தடியில் வைத்துச் சுடுகிறான். உட்கார்ந்து, கூப்பிட்டு, காத்திருந்து, வராமல் போனால் வீட்டுக்கு வந்து முட்டை பொரித்துத் தின்கிற வேலை எல்லாம் அவனுக்குக் கிடையாது. எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது லோவல். அறுபது வயசு மனுஷன், தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு பிடிக்கிறவன், புல்லில் பாம்பு மாதிரி நெளிகிறான்.

மத்தியானம் தீவனக் கடையில் பார்த்தேன். நாலு பேர் இருக்கும்போது கேட்கிறான்:

"இன்னிக்கு எத்தன கேட்ட ஆர்டித்?"

"ஒண்ணு. உன் வேலிக்கு அந்தப் பக்கம்."

"அதுதான் இப்ப என் வண்டில கெடக்கு. பாக்கறியா?"

"வேணாம். அதோட மூஞ்சியில முழிக்க எனக்கு வெக்கமா இருக்கு. உனக்கு இல்லன்னா பரவால்ல."

கடைக்காரர் சிரித்தார். ராய்ஸுக்குக் காது சிவந்துவிட்டது.

நீயும் உன் மாணவப் பிள்ளைகளும் பிப்ரவரியில் என் வயலில் வலை போட்டுப் பிடித்து, முதுகில் ரேடியோப் பெட்டி கட்டி விட்டீர்களே, அந்தப் பெட்டைகள் இருக்கின்றனவா? ஏன் இப்படிக் குறைகிறது என்று நீயாவது கண்டுபிடித்துச் சொல். பேப்பரில் உன் பேட்டியைப் படித்தேன். "எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் இயல்பு" என்று சொல்லியிருக்கிறாய். ஏற்றத்தைக் காணோம். அடுத்த முறை கொஞ்சம் பார்த்துச் சொல்.

அக்கா
ஆர்டித்


மே 4, 2014

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன், இரண்டாவது முறை சிரிப்பு வரவில்லை. முதல் நாள் காலையில் நான் அலுவலகத்தில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக.

இந்த வசந்தம் சத்தமில்லாமல் போனதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரியும். விடியற்காலையில் தொண்டை கிழிய முழங்குவதும், கூப்பிட்டால் புத்தி கெட்டு ஓடி வருவதும் பெரும்பாலும் இரண்டு வயசுச் சேவல்கள். இரண்டு வருஷம் முன்னால் எத்தனை குஞ்சு பிழைத்ததோ, அதைப் பொறுத்துத்தான் இந்த வருஷ வேட்டை. அந்தக் கோடையில் உங்கள் பக்கம் குஞ்சே இல்லை. அதனால் ராய்ஸைத் திட்டி அதிகப் பலன் இல்லை. அவன் செய்வது எனக்கும் பிடிக்காது, ஆனால் சேவல் குறைந்ததற்கு அவன் காரணமில்லை. குஞ்சுகள் ஏன் வளர்வதில்லை என்பதுதான் கேள்வி. முட்டையிலேயே போகிறதா, பொரித்த பிறகு போகிறதா, ரக்கூன் தின்கிறதா, மழையா, வேறு ஏதாவதா? அதற்காகத்தான் பெட்டைகளுக்குப் பெட்டி கட்டியது.

உன் நிலத்தில் பிடித்தவற்றில் ஏழு பெட்டைகள் இப்போது அடைக்கு உட்கார்ந்துவிட்டன என்று சிக்னல் காட்டுகிறது. தயவுசெய்து நீ தேடிப் போகாதே. கோரின் என்ற மாணவி தினமும் சாலையிலிருந்தே ஏரியலை வைத்துக் கேட்டுக் குறித்துக்கொள்வாள். நல்ல பெண். கொஞ்சம் கூச்சம்.

இந்த வருஷம் புல் அறுப்பு எப்போது வைத்திருக்கிறாய்? எங்கள் குறிப்புக்காகக் கேட்கிறேன்.

அத்தானுக்கு என் அன்பு. முட்டிக்கு டாக்டரைப் பார்க்கச் சொல், சும்மா தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உன் தம்பி
லோவல்


சைக்கமோர் ஓடை
மே 17, 2014

அன்புள்ள தம்பிக்கு,

வெயில் நிலைத்தால் 24ஆம் தேதி சனிக்கிழமை அறுப்பு. முதலில் மேற்கு வயல். ஹாலிஸால் கிளட்ச் மிதிக்க முடியாது, அதனால் டிராக்டர் நான்தான். உன் குறிப்பில் எழுதிக்கொள்.

ராய்ஸ் காரணமில்லை என்று நீ எழுதினால் நான் விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா? அவன் காரணமில்லாமலே அருவருப்பானவன். போன வாரம் ஊரிலிருந்து மூன்று விருந்தாளிகளைக் கூட்டி வந்து ஆளுக்கொரு வால் கொடுத்து ஊர விட்டிருக்கிறான். நாலு பேர் வரிசையாகப் புல்லில். நான் வேலியோரம் நின்று கை தட்டினேன். சேவல் பறந்துவிட்டது. அக்டோபரில் ஊர்க் கூட்டம் வருகிறதல்லவா, அதில் எழுந்து பேசப் போகிறேன்.

ரக்கூனுக்கும் என் சாபம் உண்டு. தோலுக்கு விலை இருந்த காலத்தில் ஊரில் பாதிப் பேர் பொறி வைத்தார்கள். இப்போது ஒருவரும் வைப்பதில்லை. ரக்கூன் கூட்டம் கூட்டமாக வந்து என் பூனைச் சாப்பாட்டைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவாமல் போகிறது.

உன் கோரின் நேற்று வீட்டுக்கு வந்தாள். கதவைத் தட்டிவிட்டு மிதியடியில் பூட்ஸை நாலு முறை துடைத்தாள். பிறகு கேட்டாள்:

"ஒரு வாரம், பத்து நாள் தள்ளி அறுக்க முடியாதாம்மா?"

"ஏன் கண்ணு, மழை வருதுன்னு சொன்னாங்களா?"

"இல்ல... சும்மா கேட்டேன்."

"கதிர் வந்துட்டா புல்லுல சத்து போயிடும். அப்புறம் மாடு அட்டைப் பெட்டியத் தின்ன மாதிரிதான். நீ பட்டணத்துப் பொண்ணு, உனக்குத் தெரியாது."

தலையை ஆட்டினாள். கண் கலங்கின மாதிரி இருந்தது. காதலனோடு சண்டையோ என்னவோ, நீ கொஞ்சம் விசாரி. பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் கொடுத்தேன், இரண்டு வாய் தின்றுவிட்டுப் போய்விட்டாள். இந்தக் காலத்துப் பெண்கள் எதையும் ஒழுங்காகத் தின்பதில்லை.

அக்கா
ஆர்டித்


சைக்கமோர் ஓடை
ஜூன் 3, 2014

அன்புள்ள தம்பிக்கு,

இதோடு ஒரு சின்னப் பார்சல் வரும். அதில் உன் ரேடியோப் பெட்டி ஒன்று இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன். கம்பி வளைந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

அறுப்பன்று ஒரு பெட்டை கத்தியில் சிக்கிவிட்டது. ஓடையோரம் மூன்றாவது சுற்றில் திரும்பிப் பார்த்தேன், பின்னால் இறகு பறக்கிறது. இறங்கிப் போனேன். எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? கால் இரண்டும் இல்லை. உயிர் இருந்தது. கழுத்தை நானே முறித்தேன். முட்டை ஒன்று உடைந்து உள்ளே குஞ்சு இறகோடு அசைந்தது. இன்னும் நாலைந்து நாளில் எல்லாம் வெளியே வந்திருக்கும். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். ஐம்பத்தெட்டு வயசில், எத்தனை கோழி அறுத்த கை, எனக்கே ஆச்சரியம். பக்கத்தில் ஆள் வந்தாலும், சக்கரமே வந்தாலும் அது ஏன் எழுந்து போகவில்லை லோவல்? சனியன், எழுந்து போயிருக்கலாமே.

வருஷத்துக்கு ஒன்று இப்படி ஆகிவிடுகிறது. ஆனால் இது உன் பெட்டி கட்டியது. உன் ஆய்வுக்கு நஷ்டம் வைத்துவிட்டேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

மறுநாள் காலை உன் பிள்ளைகள் மூன்று பேர் வந்து அறுத்த வயலில் நடந்துகொண்டிருந்தார்கள். கையில் பை. "கருவி சரி பாக்க வந்தோம்மா" என்றார்கள். காபியும் லவங்கப்பட்டை பன்னும் எடுத்துக்கொண்டு போனேன். ஒருவரும் தொடவில்லை. கோரின் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. நான் செய்ததற்கு என் மேல் கோபமாக்கும் என்று நினைத்தேன். அவளிடம் சொல், பார்த்திருந்தால் நான் செய்திருக்க மாட்டேன் என்று.

அக்கா
ஆர்டித்


ஜூன் 16, 2014

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. நீ வருத்தப்பட வேண்டாம். இது எங்கும் நடப்பதுதான். யாருக்கும் உன் மேல் கோபமில்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீ பார்க்கும் பெட்டைகளையும் குஞ்சுகளையும் எப்போதும் போல அட்டையில் குறித்து அனுப்பு.

வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

லோவல்


சைக்கமோர் ஓடை
செப்டம்பர் 9, 2014

அன்புள்ள தம்பிக்கு,

விரிவாக எழுதுகிறேன் என்றாய். மூன்று மாதம் ஆயிற்று. உன் விரிவு எவ்வளவு என்று தெரிந்துகொண்டேன்.

அட்டைகள் உள்ளே இருக்கின்றன. மூன்று மாதத்தில் ஆறு பெட்டை, நாலு குஞ்சு. ஆறு தாய்க்கு நாலு பிள்ளை. நாலும் ஒரே தாயின் பின்னால். மற்ற ஐந்தும் கையை வீசிக்கொண்டு வேலை வெட்டி இல்லாத மாதிரி நடக்கின்றன. பார்க்கப் பார்க்க எனக்கு எரிகிறது. போன வருஷம் ஆகஸ்டில் ஒரே நாளில் பன்னிரண்டு குஞ்சு பார்த்தேன்.

அக்டோபர் 16 கூட்டத்துக்கு நீயும் வருவாய் அல்லவா? கோரின் ஆய்வைப் பற்றிப் பேசுவாள் என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். நான் வாலைக் கட்டி ஊர்வதைத் தடை செய்ய மனு எழுதி நாற்பத்தாறு கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ராய்ஸ் பெண்டாட்டியும் போட்டிருக்கிறாள். அவன் சட்டையெல்லாம் புல்லுக் கறை, துவைத்துத் துவைத்து அவளுக்குக் கை போய்விட்டதாம்.

நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும். அன்று சாப்பாடு நம் வீட்டில்தான், மறுக்காதே. உனக்குப் பிடித்த தோல் உரிக்காத உருளைக்கிழங்கு.

அக்கா
ஆர்டித்


சைக்கமோர் ஓடை
அக்டோபர் 18, 2014

லோவல்,

கூட்டத்துக்கு நீ வரவில்லை. ஏன் என்று இப்போது தெரியும். இருந்தாலும் நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட ஹாலில் நூறு பேருக்குக் குறையாது. முதலில் நான் பேசினேன். ராய்ஸை நிற்க வைத்துப் பேசினேன் என்றே சொல்லலாம். "நம்ம காட்டைக் காலி பண்ணினது ரக்கூன் இல்ல, மழை இல்ல, மானம் இல்லாத மனுஷன்தான்" என்றேன். நிறையப் பேர் கை தட்டினார்கள். ராய்ஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு கோரின் எழுந்தாள். திரையில் படம் போட்டாள். நாற்பது பண்ணை, எந்தப் பண்ணைக்கும் பெயர் இல்லை, எழுத்துதான். கூடுகள் எதனால் போயின என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வயல் வந்தது. ஏழு கூடு. ஒன்றை ரக்கூன் தின்றது. ஒன்று பொரித்தது. ஐந்து கூட்டைப் புல் அறுக்கும் இயந்திரம் அழித்தது, அதில் மூன்று தாயும் செத்தன, எல்லாம் ஒரே நாளில். இதுதான் எல்லாப் பண்ணையிலும் மோசமானது என்றாள்.

பெயர் போடாவிட்டால் என்ன? ஓடை வளைகிற இடம் தெரிகிறது, அப்பா வெட்டிய குளம் பூட்ஸ் மாதிரித் தெரிகிறது. இந்த ஊரில் அந்தக் குளத்தில் கால் நனைக்காதவன் எவன்?

ராய்ஸ்தான் சொன்னான். ஏளனமாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்கிற மாதிரி:

"அது உன் மேற்கு வயலுதான ஆர்டித்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரும் பார்க்கவில்லை. மனு என் கையிலேயே இருந்தது.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் அந்தப் பெண்ணைப் பிடித்தேன்.

"அஞ்சு கூடும் எங்க இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மே முதல் வாரமே தெரியும்மா. ஒவ்வொண்ணும் எந்த இடத்துலன்னு மேப்புல குறிச்சிருந்தோம்."

"நான் அறுக்கப் போற நாளும் தெரியும்."

"தெரியும். அதான் அன்னிக்கு வீட்டுக்கு வந்தேன். சொல்லிடலாம்னுதான் வந்தேன். சொல்லக் கூடாதுன்னு சார் கண்டிப்பா சொல்லியிருந்தார். வந்ததே தப்புன்னு அப்புறம் திட்டு வாங்கினேன்."

அழுதாள். நான் அவளை எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு என்றேன்.

எந்தப் புல்லின் அடியில் எது உட்கார்ந்திருக்கிறது என்று மேப் வைத்துக்கொண்டு, எந்த நாள் அறுக்கிறாய் என்று என்னிடமே கேட்டு எழுதி வாங்கினாயா? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

ஆர்டித்


அக்டோபர் 27, 2014

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம்.

அதோடு நிறுத்தினால் உனக்குத் திருப்தியாக இருக்கும், ஆனால் நான் நிறுத்தப் போவதில்லை. நீ என்னைத் திட்டலாம், ஆனால் முழுதும் கேட்டுவிட்டுத் திட்டு.

பதினைந்து வருஷமாக எல்லோரும் ரக்கூன் என்றும் மழை என்றும் ராய்ஸ் என்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா காலத்தில் இந்த மலையடிவாரம் முழுக்கக் காட்டுப்புல். ஜூலையில்தான் அறுப்பார்கள். அதற்குள் குஞ்சு பறக்கப் பழகிவிடும். இப்போது எல்லோரும் சீக்கிரம் விளைகிற புல்லுக்கு மாறி மே மாதத்தில் அறுக்கிறீர்கள். பெட்டை அடையில் இறுகி உட்காரும் அதே வாரம். அறுப்புதான் காரணமாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். சந்தேகத்தை எவன் கேட்பான்? எண் வேண்டும். யாரும் எச்சரிக்காமல், யாரும் விலகிப் போகாமல், வழக்கமாக என்ன நடக்கிறதோ அது நடந்தால்தான் அந்த எண் உண்மை. கூடு இருக்கிற இடத்தை ஒரு பண்ணைக்குச் சொன்னால் நாற்பது பண்ணைக்கும் சொல்ல வேண்டும். எல்லோரும் சுற்றிப் போவார்கள், ஆய்வு முடிந்ததும் பழையபடி அறுப்பார்கள். என் சொந்த அக்காவுக்கு மட்டும் சொல்லியிருந்தால் நான் பொய் எண்ணைக் கொடுத்தவன்.

அன்று காலை கோரினை அனுப்பவில்லை, நானே வந்தேன். சாலையில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஏரியலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தேன். நீ கொட்டகையிலிருந்து டிராக்டரை எடுத்ததைப் பார்த்தேன். ஏழு சிக்னலும் கேட்டது. பெட்டை அசையாமல் கிடந்தால் சில மணி நேரம் கழித்துச் சிக்னல் இரண்டு மடங்கு வேகமாக அடிக்கும். மறுநாள் விடியலில் இரண்டு அப்படி அடித்தது. ஒன்றில் சத்தமே இல்லை. அது நீ கழுவி அனுப்பியது.

எனக்கு அது சுலபமாக இருந்தது என்று நினைக்காதே. ஆனால் திரும்பச் செய்யச் சொன்னால் திரும்பவும் அதையே செய்வேன். இந்த எண்ணை வைத்துத்தான் ஜூலை வரை அறுக்காத பண்ணைக்காரருக்குப் பண உதவி கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைத்தால் இந்த ஐந்து கூட்டுக்கு ஐயாயிரம் கூடு பிழைக்கும். அதைக் கொஞ்சம் யோசி.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று ஊருக்கே தெரியும். உன்னை யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த ஏப்ரலுக்குள் ஆய்வு முடிந்துவிடும். 20ஆம் தேதி சீசன் முதல் நாள். நான் வந்து பின்னால் உட்கார்ந்து கூப்பிடுகிறேன், வரட்டுமா?

உன் தம்பி
லோவல்


சைக்கமோர் ஓடை
நவம்பர் 16, 2014

லோவல்,

மூன்று வாரம் யோசித்தேன். யோசிக்கச் சொன்னாய் அல்லவா.

முதலில் என்னைப் பற்றி. நாங்கள் புதுப் புல் போட்டு இது பதினாறாவது வருஷம். பதினாறு மே மாதம். பின்னால் திரும்பிப் பார்த்து இறகு தெரிந்தது வருஷத்துக்கு ஒன்றுதான், அதனால் ஒன்றுதான் சாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புல் மேலே விழுந்து மூடிவிடுகிறது, தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. காய்ந்த புல்லை வாரி உருட்டும்போது புல் உருளையில் இறகு ஒட்டிக்கொண்டு வரும். நான் பருந்து அடித்தது என்று சொல்லிக்கொள்வேன். மாடு சில உருளையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஈரம் பட்டுக் கெட்டுவிட்டது என்போம். பதினொரு சேவல் முழங்கிய குன்று ஏன் ஊமையானது என்று உனக்குக் கடிதம் கடிதமாக எழுதியவள் நான்தான். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. கையைக் கழுவிவிட்டு மறுபடி கழுவுகிறேன்.

ராய்ஸ் வீட்டுக்குப் போனேன். வாசல் கதவைத் திறந்துவிட்டு உள்ளே வா என்று சொல்லாமல் நின்றான்.

"கூட்டத்துல பேசுனது தப்பு ராய்ஸ்."

"நான் ஊர்றது தப்பு இல்லங்கிறியா?"

"இல்ல. அது இன்னமும் அசிங்கந்தான். ஆனா காட்டைக் காலி பண்ணினது நீ இல்ல."

கதவில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "நானும் மே மாசந்தான் அறுக்கறேன் ஆர்டித். என் வயலுல பெட்டி கட்டல, அதான் வித்தியாசம்."

அவன் மேல் எனக்கு ஒருநாளும் வராத மரியாதை அன்று கொஞ்சம் வந்தது. வெறும் கொஞ்சம்தான்.

இனி ஜூலை பதினைந்துக்கு முன்னால் மேற்கு வயலில் கத்தி இறங்காது. புல் அட்டை மாதிரி ஆகும், தெரியும். தாங்குகிற அளவுக்கு மாட்டைக் குறைத்துக்கொள்கிறோம். எட்டுப் பசு போன வாரம் போயிற்று, ஹாலிஸ் வண்டி போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். நீ எழுதிக் கேட்டிருக்கும் உதவி எங்களுக்கு வேண்டாம்.

இப்போது உன்னைப் பற்றி.

நீ சொன்ன நியாயம் எனக்குப் புரிகிறது. மூளை இல்லாதவள் இல்லை நான். எண் உண்மையாக இருக்க வேண்டும், சரி. ஐயாயிரம் கூடு பிழைக்கும், பிழைக்கட்டும், நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் எத்தனையோ பண்ணை இருக்க என் வயலை ஏன் எடுத்தாய்? வேறு எவனாவது எதற்கு, என்ன செய்வீர்கள், கடைசியில் என்ன ஆகும் என்று பத்துக் கேள்வி கேட்டிருப்பான். அக்கா கேட்க மாட்டாள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் காபியும் கொடுப்பாள். அதனால்தான். வேறு காரணம் இருந்தால் எழுது. இருக்காது.

அந்தக் காலையை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நான் டிராக்டரில் ஏறும்போது சாலையில் ஒரு வண்டி நின்றது, பார்த்தேன். உன் பிள்ளைகள் என்று நினைத்துக் கை அசைத்தேன். நீதான் உள்ளே இருந்திருக்கிறாய். கை அசைத்த அக்காவைப் பார்த்துக்கொண்டு, எந்தச் சுற்றில் எதன் மேல் ஏறப் போகிறாள் என்று கையில் மேப்போடு. நான் இறங்கி வாந்தி எடுத்ததையும் பார்த்தாயா? கழுத்தை முறித்ததையும் பார்த்தாயா? பார்த்திருப்பாய், அந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரியும். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், நான் மன்னிப்புக் கேட்டு எழுதின கடிதத்துக்கு "இது எங்கும் நடப்பதுதான்" என்று நாலு வரி எழுதினாய்.

ராய்ஸ் சேவலை ஏமாற்றுகிறான். எனக்கு அதைப் பார்த்தே குமட்டியது. உன்னை என்ன சொல்வது என்று எனக்கு வார்த்தை அகப்படவில்லை.

அறிக்கையை அச்சடிக்கிறீர்கள் என்று கோரின் சொன்னாள். அவள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். அந்த வயலுக்கு ஏதோ எழுத்துப் போட்டிருக்கிறீர்களே, அது வேண்டாம். என் பெயரைப் போடு. ஐந்து கூட்டையும் அழித்தது ஆர்டித் கெசிங்கர் என்று முழுப் பெயராக அச்சடி. நான் ஓட்டினேன், நான் மறுக்கவில்லை. கீழேயே அடுத்த வரியில், அவள் ஓட்டும்போது ஒவ்வொரு கூடும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சாலையில் உட்கார்ந்திருந்தவன் பெயரையும் போடு. இரண்டில் எதை விட்டாலும் உன் எண் பொய்.

ஏப்ரல் 20 நீ வர வேண்டாம். நானும் அந்தக் குன்றுக்குப் போகவில்லை. இருக்கிற ஒன்றிரண்டு சேவலைச் சுடுவதற்கு எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆய்வு முடிந்ததும் வந்து மீதிப் பெட்டைகளின் பெட்டியை அவிழ்த்துக்கொண்டு போக ஆள் அனுப்பு. கோரினை அனுப்பு. நீ வந்தால் வேலிக்கு வெளியிலேயே நில், உனக்கு அது பழக்கம்தான்.

ஆர்டித் கெசிங்கர்